மாரீஸ்வரி வீட்டில் நான்கு மூடி

ஞானபாக்கியம் டீச்சரின் தோள்பையில் எந்த நேரமும் இருநூறு பாட்டில் மூடியாவது கிடக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் வேறு பஸ் மாறி, சேத்தூர் தாண்டித் தேவதானம் போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் அவர் இறங்குவதற்குள் அந்தப் பையின் சத்தம் பஸ்ஸில் எல்லோர் காதிலும் விழுந்துவிடும். "என்ன டீச்சர், சோடாக் கம்பெனி ஏதும் ஆரம்பிச்சிருக்கியளா?" என்று கண்டக்டர் தவசிமுத்து கேட்காத நாள் கிடையாது. டீச்சருக்கு அதில் கோபம் வராது. "கணக்குப் பாடம், தம்பி" என்று சொல்லிவிட்டுப் பையை மடியில் இறுக்கி வைத்துக்கொள்வார்.

வயது ஐம்பத்திரண்டு. மூட்டுவலி உண்டு. ஆனால் கூட்டல் சொல்லிக் கொடுக்கும்போது தரையில் கட்டம் போட்டுப் பிள்ளைகளோடு தானும் குதிப்பார். கழித்தல் என்றால் ஆளுக்குப் பத்து வேர்க்கடலை. தின்னத் தின்ன மிச்சம் எத்தனை என்று சொல்லிக்கொண்டே வரவேண்டும். எழுத்துப் பழக்கத் தாம்பாளத்தில் மணல். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை நாற்பது நிமிஷம் அசையாமல் உட்காரச் சொல்கிறவர் முதலில் தான் அப்படி உட்கார்ந்து காட்டட்டும் என்பது அவர் கட்சி. மூன்று பள்ளிக்கூடங்களில் இதைச் சொல்லி மூன்று தலைமையாசிரியர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

அப்படிப்பட்டவருக்கு இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, வகுப்பறைக்கு வெளியே எதிலும் ஒரு குழப்பம். தென்காசி பஸ்ஸுக்கு நின்று மதுரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருப்பார். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவார். இது யாருக்கும் கெடுதல் இல்லாத குறை. இன்னொன்று அப்படியல்ல. ஒரு பிள்ளை தப்பாகப் பதில் சொன்னால், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கிற பொறுமை அவருக்கு இல்லை. அடுத்த விளையாட்டுக்குப் போகிற அவசரத்தில் பதிலை முதலில் திருத்திவிடுவார்.

பள்ளிக்கூடம் ஒரு மிஷன் நடத்துவது. இரண்டு அறை, இரண்டு ஆசிரியர். தலைமையாசிரியர் ஞானரத்தினம் சார் போன வருஷம்தான் வந்து சேர்ந்தார். டீச்சர் வந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஒரு காலத்தில் தொண்ணூறு பிள்ளைகள் படித்த இடத்தில் இப்போது ஒன்பது பேர். மிச்சப் பிள்ளைகளை எல்லாம் காலையில் மஞ்சள் வேன் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. ஜூன் மாதக் கடைசியில் நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. ஜூலை முப்பத்தொன்றாம் தேதிக்குள் பத்துப் பேராவது இருந்தால் பள்ளிக்கூடம் தொடர்ந்து நடக்கும். இல்லையென்றால் இந்த வருஷத்தோடு மூடிவிட்டுப் பிள்ளைகளைச் சேத்தூருக்கு அனுப்பவேண்டியதுதான் என்று அதில் இருந்தது.

மூடினால் டீச்சருக்கு வேறு பள்ளிக்கூடம் கிடைத்துவிடும். ஆனால் அந்த ஒன்பது பேர் வீட்டிலும் தாய்மார் விடியற்காலையிலேயே மில்லுக்கோ பருத்திக்காட்டுக்கோ போகிறவர்கள். ஆறு வயசுப் பிள்ளையை மெயின் ரோட்டைத் தாண்டிச் சேத்தூருக்குக் கொண்டுபோய் விட அந்த வீடுகளில் யாரும் இல்லை. பாதிப் பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிடும் என்று டீச்சருக்குத் தெரியும். வீடு வீடாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்தார். பத்தாவது பிள்ளை அகப்படவில்லை.

ஆண்டாள் தேர் முடிந்த அடுத்த வாரம், வியாழக்கிழமை. கெடு முடிய இன்னும் நாலு நாள்தான். டீச்சர் அன்றைக்கு மூடிப் பையைத் தரையில் கொட்டினார். ஆளுக்கொரு வீடு சாக்பீஸால் வரையவேண்டும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை மூடி. பெரியவர் முதலில், சின்னவர் கடைசியில். எண்ணிக்கையும் வரிசையும் ஒரே விளையாட்டில் வந்துவிடும்.

ஆரம்பித்த உடனே சண்டை வந்தது. மூன்றாம் வகுப்புச் சிவனாண்டி, மாரீஸ்வரியின் வீட்டிலிருந்து ஒரு சிவப்பு மூடியை எடுத்து வெளியே வைத்துவிட்டான்.

"இவ அப்பா பட்டாளத்துல இருக்காவ, டீச்சர். வீட்ல இல்ல. அவியளுக்கு மூடி கிடையாது."

"அவிய எங்க அப்பா!" என்று மாரீஸ்வரி பிடுங்கி உள்ளே வைத்தாள். அவளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அப்பா அழகுராஜா ராஜஸ்தான் பக்கம் வேலை பார்க்கிறவர். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார்.

டீச்சர் இடுப்பில் கைவைத்து நின்று ஒரு சட்டம் போட்டார். "ஆளு எங்க இருந்தாலும் சரி. வீட்ல அவங்களுக்குன்னு ஒரு இடம் இருக்கா, துணிமணி இருக்கா, வீட்ல உள்ளவங்க நம்ம ஆளுன்னு நினைச்சுக்கிட்டே இருக்காங்களா? அப்ப மூடி உண்டு. போதுமா?"

எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது. மாரீஸ்வரி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு குவியலில் துழாவி ஒரு நீல மூடியை எடுத்து வந்து வரிசையின் கடைசியில் வைத்தாள். அப்பா, அம்மா, தான், அதற்குப் பின்னால் அந்த நீல மூடி.

"இது யாரு?"

"அக்கா, டீச்சர். மாரிக்கனி."

டீச்சர் கணக்கெடுப்பு நோட்டை மனசுக்குள் புரட்டினார். அந்த வீட்டில் பிள்ளைகள் ஒன்று என்று சொல்லி மாரீஸ்வரியின் அம்மா கல்பனா கையெழுத்தே போட்டிருந்தாள்.

"அக்கான்னா ஒனக்கு முன்னாடில்ல வைக்கணும்?"

"அவளுக்கு அஞ்சு வயசு, டீச்சர்."

"ஒனக்கு?"

"ஏழு."

"அப்ப தங்கச்சி."

"இல்ல டீச்சர், அக்கா."

டீச்சருக்குத் தலை சுற்றியது. ஆனால் சுற்றுகிற தலையோடு நின்றுவிடுகிற ஆள் இல்லை அவர். சிவனாண்டியையும் ஒன்றாம் வகுப்பில் படிக்கிற அவன் தங்கையையும் எழுப்பிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். பெரியது எது, சின்னது எது என்று வகுப்பையே கத்தவைத்தார். ஏழு பெரிசா அஞ்சு பெரிசா என்று மாரீஸ்வரியிடம் கேட்டார். ஏழு என்று அவள் சரியாகத்தான் சொன்னாள். அப்படியானால் மாரிக்கனி உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் மட்டும், அக்கா என்றாள். கடைசியில் டீச்சர், "தங்கச்சின்னு மூணு தடவ சொல்லு பாப்போம்" என்றார். பிள்ளை சொன்னது. மூன்றாவது தடவை உதடு மட்டும்தான் அசைந்தது. டீச்சர் அதைக் கவனிக்கவில்லை. அவர் மனசு அதற்குள் வேறொரு கணக்கில் விழுந்துவிட்டது.

ஐந்து வயது. ஒன்றாம் வகுப்பு. பத்தாவது பிள்ளை!

மூடிகளை அப்படியே போட்டுவிட்டு அடுத்த அறைக்கு ஓடினார். ஞானரத்தினம் சார் முழுவதையும் கேட்டுவிட்டுப் பேனாவால் காதைக் குடைந்தார். "தங்கச்சியை ஏன் அக்காங்குது?"

"அதான் சார் எனக்கும் புரியல."

"பெரியப்பா மகளா இருக்குமோ?"

"பெரியப்பா மகளா இருந்தாலும் சின்னவ தங்கச்சிதான, சார்?"

சார் அதையும் யோசித்துப் பார்த்தார். அவருக்கும் குழம்பிவிட்டது. "நீங்க நேர்ல போய்ப் பாத்துட்டு வந்திருங்க டீச்சர்" என்று சொல்லி, சேர்க்கைப் படிவம் ஒன்றையும் பீரோவில் மிச்சமிருந்த சின்ன அளவுச் சீருடையையும் எடுத்துக் கொடுத்தார்.

போவதற்கு முன் உள்ளூர்க்காரி ஒருத்தியிடம் கேட்டுக்கொள்வது நல்லது என்று டீச்சர் சத்துணவுக் கூடத்துக்குப் போனார். மாடத்தி வாளி நிறைய அவித்த முட்டையை வைத்துக்கொண்டு ஓடு உரித்துக்கொண்டிருந்தாள்.

"மாடத்தி, கல்பனா வீட்ல மாரிக்கனின்னு ஒரு பிள்ள இருக்காமே?"

மாடத்தியின் கை சட்டென்று நின்றது. முட்டையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். "இருக்கா, டீச்சர். இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? நான் கைவேலையா இருக்கேம்லா. பொறவு பேசிக்கிடலாம், போங்க."

"அது வெளியவே வராதோ?"

"போங்கன்னு சொல்லுதேன்லா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐந்து வருஷத்தில் மாடத்தி அப்படிப் பேசி டீச்சர் பார்த்ததில்லை.

இருக்கிறாள் என்று மாடத்தி சொல்கிறாள். இல்லை என்று நோட்டு சொல்கிறது. ஏழு வயசுக்காரி ஐந்து வயசுக்காரியை அக்கா என்கிறாள். அன்று மாலை ராஜபாளையத்தில் இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் டிப்போ வரை போய்த் திரும்பி வந்தார் டீச்சர். வீட்டில் அவர் கணவர் தேவஇரக்கம், மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், காபியை ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"பாக்கியம், அந்தப் பிள்ளைக்கு ஒடம்புக்கு ஏதும் முடியாம இருக்கும். வெளிய காட்டக் கூச்சப்பட்டு உள்ளயே வச்சிருப்பாவ. அதான் கணக்குலயும் சொல்லல, வேலைக்காரம்மாவும் வாயத் திறக்கல."

டீச்சருக்குச் சுரீர் என்றது. எல்லாம் பொருந்தியதுபோல் இருந்தது. முதலில் பரிதாபம் வந்தது. பரிதாபம் அப்படியே கோபமாக மாறியது. இந்தக் காலத்தில், ஒரு ராணுவக்காரன் வீட்டில், ஒரு பிள்ளையை அறைக்குள் பூட்டிவைத்திருப்பதா? அந்தப் பிள்ளைக்கும் மூடி விளையாட்டு ஆடத் தெரியாதா? படிவத்தை எடுத்துப் பெயர்க் கட்டத்தில் 'அ. மாரிக்கனி' என்றும், வகுப்புக் கட்டத்தில் 'ஒன்று' என்றும் அப்போதே பெரிய எழுத்தில் எழுதிவிட்டார். நாளைக்குக் கல்பனா மறுத்துப் பேச இடம் வைக்கக்கூடாது என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மாரீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். மேற்கே மலையில் மேகம் இறங்கி நின்றது. பிள்ளைக்கு ஒரே சந்தோஷம்.

"டீச்சர், அக்காவப் பாக்கவா வாறிய?"

தங்கச்சி என்று திருத்த வாயெடுத்து, எதற்கோ டீச்சர் விட்டுவிட்டார். "ஆமா. ஒங்கக்காவுக்குப் பேசத் தெரியுமா?"

"தெரியாது."

"நடப்பாளா?"

மாரீஸ்வரி இதை நினைத்துப் பார்த்ததே இல்லைபோல. "ராத்திரி நடப்பான்னு அம்மா சொல்லுவா. நான் பாத்ததில்ல" என்றாள். டீச்சர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அவர் மனசில் இருந்த குழப்பம் இப்போது பயமாகவும் ஆகியிருந்தது.

கல்பனா தலைக்குக் குளித்து ஈரமுடியை முடிந்து பூ வைத்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். டீச்சர் உட்காரவில்லை. ஒத்திகை பார்த்து வந்ததை எல்லாம் நின்றபடியே கொட்டினார். பிள்ளை எப்படி இருந்தாலும் பிள்ளைதான் என்றார். மறைத்துவைப்பது பாவம் என்றார். நடக்க முடியாவிட்டால் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்க வசதி இருக்கிறது என்றார். "கணக்கெடுக்க வந்தப்ப ஒரு பிள்ளைன்னு கையெழுத்துப் போட்டியே, கல்பனா. ஒனக்கு மனசு எப்படி வந்துச்சு?"

கல்பனா கோபப்படவில்லை. டீச்சரையும் அவர் கையிலிருந்த புதுச் சீருடையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"டீச்சர், மத்தியானம் முட்ட சாப்பிட்டியளா?"

டீச்சர் திகைத்துப்போனார். "ஆமா... சாப்பிட்டேன்."

"அப்ப கைகால் கழுவி, வாய் கொப்பளிச்சிட்டு வாங்க. காட்டுதேன்."

ஏன் எதற்கென்று விளங்காமலே டீச்சர் கழுவிக்கொண்டு வந்தார். உள்ளறையில் கட்டில் இல்லை, படுக்கை இல்லை. மூலையில் செங்கல்மேல் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி. அழகுராஜாவின் பெயரும் பட்டாள நம்பரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய பெட்டி. அதன் முன்னால் ஒரு விளக்கு எரிந்தது. கல்பனா மண்டிபோட்டு உட்கார்ந்து மூடியைத் திறந்தாள்.

கண்ணாடி வளையல், ரிப்பன், பவுடர் டப்பா, கைக்கண்ணாடி. அவற்றுக்கு அடியில் மடித்து அடுக்கிய பாவாடை சட்டைகள். டீச்சரின் கண் தன் பழக்கப்படி எண்ணியது. எட்டு ஜோடி. எட்டும் ஒரே அளவு.

"எங்க வீட்டுக் கன்னி, டீச்சர்" என்றாள் கல்பனா. "மூத்தவ. இவ பொறக்கதுக்கு முந்தி. அஞ்சு முடிஞ்சு ஜூன்ல ஒங்க பள்ளிக்கூடத்துலதான் சேக்கணும்னு இருந்தோம். மே மாசம் காய்ச்சல் வந்துச்சு. மூணே நாளு."

கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்பிள்ளையைக் கன்னி என்று வைத்துக் கும்பிடுகிற வழக்கத்தைப் பற்றி டீச்சர் கேள்விப்படாதவர் இல்லை. ஊர்ப் பக்கம் அப்படி உண்டு என்று தெரியும். ஆனால் அது எப்போதோ வாழ்ந்த யாரோ என்றுதான் நினைத்திருந்தார். தன் வகுப்பில் உட்காரவேண்டிய பிள்ளையாக அது இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"அவ இல்லன்னு எங்க வீட்ல சொல்லக் கூடாது. சின்னவளுக்கு அப்படித்தான் சொல்லி வளத்தோம். வருஷா வருஷம் தைக்குப் புதுத்துணி எடுத்து வைப்போம். நீங்க நோட்டோட வந்தது பள்ளிக்கூடத்துக்குப் பிள்ள கேட்டு. அதான் ஒண்ணுன்னு சொன்னேன். இவகிட்ட வீட்டுக் கணக்குக் கேட்டிருக்கிய. இவ நாலுன்னு சொல்லியிருக்கா."

முட்டை ஓடு ஒட்டிய கையோடு சாமியாகிவிட்ட பிள்ளையின் பெயரைச் சொல்லமாட்டேன் என்று மாடத்தி முகத்தைத் திருப்பியது இப்போதுதான் டீச்சருக்கு விளங்கியது. தங்கச்சி என்று மூன்று தடவை சொல்லவைத்ததும் கூடவே நினைவுக்கு வந்தது. அவருக்கு அங்கே நிற்க வெட்கமாக இருந்தது. இப்படிப் பெட்டி முன்னால் கைகூப்பிக் கும்பிடுவது அவர் வேதத்தில் இல்லை. சும்மா நிற்கவும் முடியவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, சர்ச்சில் நிற்பதுபோலக் கண்ணை மூடி நின்றார். என்ன ஜெபம் சொல்வது என்று தெரியவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது.

கண்ணைத் திறந்தபோது கல்பனா கீழே விழுந்திருந்த படிவத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். 'அ. மாரிக்கனி' என்ற இடத்தில் அவள் விரல் நின்றது.

"இவ பேர இப்படிக் காயிதத்துல எழுதிப் பாத்து எட்டு வருஷமாச்சு, டீச்சர். இதையும் அந்த யூனிபார்மையும் பெட்டில வச்சுக்கிடட்டுமா?"

"வச்சுக்கோம்மா."

கல்பனா சீருடையைப் பிரித்து அளவு பார்த்தாள். பெட்டியிலிருந்த பாவாடையோடு சேர்த்துப் பிடித்தாள். சரியாக இருந்தது. மடித்து மேலே வைத்தாள். பிறகு ஏதோ நினைத்தவளாகத் திரும்பினாள்.

"பத்துப் பேரு இல்லன்னா பள்ளிக்கூடத்த மூடிருவாவளாமே. நெசமா?"

"நெசந்தான்."

"அப்ப இவ பேர ரிஜிஸ்டர்ல எழுதிக்கோங்க டீச்சர். படிக்கணும்னு ஆசப்பட்ட பிள்ளதான். யாரு வந்து பாக்கப் போறா? ஒங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும்."

அவள் ஏமாற்று வேலை எதையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை. கொடுக்கிற முகத்தோடு சொன்னாள். டீச்சர் ஒரு நிமிஷம் ஆடிப்போனார். பத்தாவது பெயர் அவர் கையெழுத்திலேயே கண்முன் இருந்தது. அந்தப் பெயர் இருந்தால் சிவனாண்டியின் தங்கை மெயின் ரோட்டைத் தாண்டவேண்டாம். எது சரி என்று அவருக்கு அப்போது உண்மையிலேயே தெரியவில்லை. கடவுளே, இதை ஏன் என்னிடம் கேட்கவைக்கிறாய் என்றுதான் நினைத்தார்.

படிவத்திலிருந்து கண்ணை எடுத்துக் கல்பனாவைப் பார்த்தார். "பேரு எழுதினா தினமும் காலையில கூப்பிடணும்லா, கல்பனா. மாரிக்கனின்னு நான் கூப்பிடுவேன். பொறவு வரலன்னு நான்தான எழுதணும்? தினமும் என்னால அத எழுத முடியாதும்மா."

கல்பனா பெட்டியை மூடினாள். போகும்போது டீச்சருக்குச் சூடாகக் காபி போட்டுக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலையில் டீச்சர் ஒன்பது பெயர் கூப்பிட்டார், ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். ஞானரத்தினம் சார் நிர்வாகத்துக்கு ஒன்பது என்றே எழுதி அனுப்பினார். பள்ளிக்கூடம் ஏப்ரல் வரை நடக்கும், அதன் பிறகு இல்லை என்று பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. அது வந்த அன்றைக்குச் சத்துணவுக் கூடத்தில் மாடத்தியோடு உட்கார்ந்து டீச்சர் அழுதார்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை அவர் அழவில்லை. மூடிப் பையைத் திரும்பவும் கொட்டினார். நீல மூடி ஒன்றைத் தேடி எடுத்து மாரீஸ்வரியின் கையில் கொடுத்தார்.

"அன்னைக்கு டீச்சர் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன், தாயி. மாரிக்கனி ஒனக்கு அக்காதான்."

மாரீஸ்வரி மூடியைத் தனக்கு முன்னால், அம்மாவுக்கு அடுத்து வைத்தாள். சிவனாண்டி விடவில்லை. "ஏழுதான் பெரிசுன்னு நீங்கதான சொன்னிய, டீச்சர்? இவ எட்டாம் வயசுக்குப் போனா அக்காவுக்கு எத்தன?"

டீச்சர் அவசரப்படவில்லை. மாரீஸ்வரியின் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்.

"அஞ்சு" என்றாள் மாரீஸ்வரி.

"ஒம்போதுக்குப் போனா?"

"அஞ்சு."

மற்றப் பிள்ளைகளுக்கு இது புதுவிதமான வாய்ப்பாடாகப் பட்டது. கைதட்டிச் சேர்ந்துகொண்டார்கள். சிவனாண்டி பத்து என்றான், எல்லோரும் அஞ்சு என்றார்கள். பதினொண்ணு என்றான். அஞ்சு என்று கத்தினார்கள். மாரீஸ்வரி சிரித்துக்கொண்டே எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுத ஒன்றும் இல்லாமல் சாக்பீஸைப் பிடித்தபடி நின்றார்.